ஒளியும் உருவும்

மனிதன் மனிதனை எதைக்கொண்டு அளக்கிறான்? இவ்வினாவை எழுப்பினால் குணத்தைக்கொண்டு என்பார் சிலர். அறிவைக்கொண்டு என்பார் வேறு சிலர். ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. ஒருவரிடமிருந்து நம்மை வந்தடையும் ஒளியைக்கொண்டே நாம் அவரை அளக்கிறோம். மேடையில் பேசுபவரின் பேச்சு ஓர் ஒளி. தேர்வு எழுதும் மாணவன் பெறும் மதிப்பெண் ஓர் ஒளி. ஒளி மிகுந்தால் ஆள் பெரியவர் என்கிறோம். குறைந்தால் சிறியவர் என்கிறோம். இவ்வாறு அளப்பது அறமாகுமா என்பதே இக்கட்டுரையில் நான் எண்ணிப் பார்க்க விழையும் கேள்வி.

இக்கேள்விக்கு அறநூல்களில் விடை தேடலாம். வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். எனினும் நான் இங்கே விடை தேடப் போவது வானியலில். ஞாயிற்றுக் குடும்பத்தின் புறஎல்லையில் சுழலும் சின்னஞ்சிறு துணைக்கோள்களின் அளவை வானியலார் எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதைப் படித்தபோது, ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் வெட்கமுற்றேன். அவ்வெட்கத்தின் காரணத்தையும் ஈண்டுக் கூறுவேன்.

புள்ளியும் பொருளும்

புளூட்டோவைச் சுற்றிவரும் துணைக்கோள்களுள் ஒன்று கெர்பெரோஸ். 2011 ஆம் ஆண்டில் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த படங்களில் அது கண்டறியப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நம்மிடமிருந்து அதன் தொலைவோ ஏறத்தாழ 500 கோடிக் கிலோமீட்டர். நம் தீபகற்பத்தின் தென்கோடியில் ஒரு கடுகை வைத்து, வடகோடியில் நின்று அதன் உருவத்தைக் காண முயல்வதற்கு இது ஒப்பாகும். எத்துணைப் பெரிய தொலைநோக்கியாயினும் அதன் வடிவத்தைக் காட்டாது. தெரிவதெல்லாம் ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே.

அந்த ஒளியும் அதன் சொந்த ஒளியன்று. ஞாயிற்றிலிருந்து பெற்றதில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்புகிறது. அவ்வொளி நம்மை வந்தடையும்போது எவ்வளவு இருக்கும் என்பது இரண்டைப் பொறுத்தது. ஒன்று, அப்பொருளின் பரப்பு. மற்றொன்று, தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கை அது எதிரொளிக்கிறது என்பது. இதனை எதிரொளிர்திறன் எனலாம். புதுப்பனி படர்ந்த பரப்பு, பெற்ற ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். கரி போன்ற பரப்பு நூற்றில் நான்கைந்து பங்கையே திருப்பும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நாம் அளப்பது ஒரே எண். அறிய வேண்டுவனவோ இரண்டு. நூற்றுக்கு 64 பங்கு ஒளியைத் திருப்பும் ஒரு வெண்பனிக் கோளையும், நூற்றுக்கு 4 பங்கே திருப்பும் ஒரு கருங்கோளையும் எண்ணிக்கொள்வோம். இரண்டும் ஒரே தொலைவில் ஒரே அளவு மின்னுகின்றன. அவ்வாறாயின் கருங்கோளின் பரப்பு வெண்கோளின் பரப்பைப் போல் 16 மடங்கு. விட்டம் 4 மடங்கு. பருமன் 64 மடங்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உண்மையில் ஒன்றினுள் மற்றொன்றைப் போன்ற அறுபத்து நான்கு அடங்கும்!

நம் நாட்டில் மதிப்பெண்ணைப் 'புள்ளி' என்றே வழங்குகிறோம். வானியலார் காண்பதும் புள்ளி; நாம் காண்பதும் புள்ளி. 40 புள்ளி பெற்ற இரு மாணவர்களை ஒரே அளவினர் என எழுதி முடிக்கும்போது, பரப்பையும் எதிரொளிர்திறனையும் பிரித்தறிந்துதான் எழுதுகிறோமா? உள்ளே இருப்பது வேறு. இருப்பதை வெளியே காட்டும் ஆற்றல் வேறு. இரண்டின் பெருக்கற்பலனே புள்ளி.

அருகிலிருக்கும் பேரொளி

நெப்டியூனின் துணைக்கோள்கள் இரண்டின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1949 ஆம் ஆண்டில் ஜெரார்டு கைப்பர் என்னும் வானியலார் நெரீடு என்னும் துணைக்கோளைக் கண்டுபிடித்தார். அதன் விட்டம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். அடுத்த நாற்பது ஆண்டுகள், டிரைட்டனும் நெரீடும் மட்டுமே நெப்டியூனின் துணைக்கோள்கள் என்று பாடநூல்கள் கூறிவந்தன. 1989 ஆம் ஆண்டில் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்கியபோது புரோட்டியஸ் என்ற மற்றொரு துணைக்கோள் தென்பட்டது. அதன் விட்டம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். நெரீடைவிடப் பெரியது!

பெரியது எவ்வாறு நாற்பது ஆண்டுகள் கண்ணுக்குத் தப்பியது? காரணம் இரண்டு. புரோட்டியஸ் கருமையானது, தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையே எதிரொளிக்கும். அத்துடன் அது நெப்டியூனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 1,18,000 கிலோமீட்டர் தொலைவில் சுழல்கிறது. கோளின் பேரொளி அதனை விழுங்கிவிட்டது. நெரீடோ பல இலட்சம் கிலோமீட்டர் விலகி இருளில் தனித்துத் திரிவதால் எளிதில் அகப்பட்டது.

கெட்டிக்கார அண்ணனுக்குப் பின் பள்ளிக்கு வரும் தம்பியை எத்தனை ஆசிரியர்கள் தம்பியாகவே கண்டிருக்கிறோம்? 'இன்னாரின் தம்பி' என்று அழைத்தே ஆறாண்டுகளைக் கழித்துவிடுகிறோம். அவன் தெரியாமற்போனதற்கு அவன் சிறுமை காரணமன்று. அவன் நின்ற இடம் காரணம்.

வெப்பமும் நிழலும்

ஒளி ஒன்றே போதாதென்று உணர்ந்த வானியலார் வேறு சான்றுகளைத் தேடினர். அவற்றுள் இரண்டை மட்டும் காண்போம்.

முதலாவது வெப்பம். ஒரு பொருள் திருப்பி அனுப்பாத ஒளி அழிந்துபோவதில்லை. அப்பொருள் அதனை உட்கொள்கிறது, சூடேறுகிறது, பின்னர் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. எதிரொளிப்பு குறைந்த கருங்கோள், வெண்கோளைவிடச் சற்று வெப்பமாக இருக்கும். ஆகவே ஒளியையும் வெப்பத்தையும் தனித்தனியே அளந்தால், ஒரு சமன்பாட்டின் இடத்தில் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன. அளவும் எதிரொளிர்திறனும் பிரிந்து நிற்கின்றன. புறஎல்லைப் பொருள்கள் கடுங்குளிர் மிக்கவை. அவற்றின் மெல்லிய வெப்பத்தின் பெரும்பகுதியை நம் வளிமண்டலம் மறைத்துவிடுகிறது. அதனால் 2003 இல் செலுத்தப்பெற்ற ஸ்பிட்சர், 2009 இல் செலுத்தப்பெற்ற ஹெர்ஷல் போன்ற விண்தொலைநோக்கிகள் இப்பணிக்குத் தேவைப்பட்டன.

இரண்டாவது நிழல். தொலைவிலுள்ள ஒரு விண்மீனின் முன்னே துணைக்கோள் கடந்து செல்லும்போது, விண்மீன் சில நொடிகள் மறைகிறது. 1980 ஏப்ரல் 7 அன்று, தென்னாப்பிரிக்காவில் அலிஸ்டர் வாக்கர் என்னும் வானியலார் ஒரு விண்மீன் ஏறத்தாழ 50 நொடிகள் மறையக் கண்டார். அதனை மறைத்தது புளூட்டோவின் துணைக்கோளாகிய சாரன். அது நகரும் வேகம் தெரிந்திருந்தமையால், அதன் விட்டம் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாது என்று கணிக்க முடிந்தது. குறையாது என்றார்களேயன்றி, இவ்வளவுதான் என்று கூறவில்லை. ஓரிடத்திலிருந்து கண்ட மறைப்பு, வட்டத்தின் ஒரு நாணை மட்டுமே தரும் என்பதை அவர்கள் அறிவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2015 இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகில் சென்று அளந்தபோது கிடைத்த விட்டம் ஏறத்தாழ 1,212 கிலோமீட்டர்!

கருமையோ வெண்மையோ, நிழலுக்கு வேறுபாடில்லை. ஒளியில் தன்னைக் காட்டத் தெரியாத பொருளும் தன் நிழலில் முழு அளவையும் காட்டிவிடுகிறது. ஆனால் அந்த ஐம்பது நொடியில், அந்த இடத்தில், விழித்திருப்பவர் ஒருவர் வேண்டும்.

கெர்பெரோஸ்மீது சுமத்திய கருமை

இதுவரை கூறியவை, ஒரு சான்று போதாது, இரண்டு வேண்டும் என்பதைக் காட்டும். இரண்டு சான்று இருந்தால் போதுமா? இங்கேதான் கெர்பெரோஸின் கதை நமக்கு உதவுகிறது.

கெர்பெரோஸின் ஒளி மங்கலானது. மற்றொரு புறம், புளூட்டோவின் பிற துணைக்கோள்களின் பாதையில் காணப்பட்ட நுண்ணிய அசைவுகளிலிருந்து அதன் நிறையைக் கணித்தனர். கிடைத்த நிறை, அதன் மங்கலான ஒளிக்கு ஒவ்வாத அளவு மிகுதியாக இருந்தது. நிறை மிகுதி, ஒளி குறைவு. ஆகவே கெர்பெரோஸ் கரியைப் போல் கருமையானதாக இருத்தல் வேண்டும் என்ற முடிவு, 2015 ஜூன் மாதத்தில் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. பிழையென்று சொல்லத்தக்க தருக்கம் அதில் ஏதுமில்லை. சான்றுகள் இரண்டும் இருந்தன. ஒன்றையொன்று கூட்டி முடிவும் வந்தது.

அதே ஆண்டு ஜூலை 14 இல் நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தது. அது அனுப்பிய கெர்பெரோஸின் படம் அக்டோபரில் வெளியிடப்பட்டது. கெர்பெரோஸ் கருமையாக இல்லை! விழும் ஒளியில் பாதியளவைத் திருப்பும் பனிப்பொருளாக, தன் உடன்பிறப்புகளாகிய நிக்ஸ், ஹைட்ரா ஆகியவற்றைப் போலவே வெளிறிக் காட்சியளித்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டாற்போன்ற சிறு வடிவம். பெரிய பகுதி ஏறத்தாழ 8 கிலோமீட்டர். சிறிய பகுதி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அது மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் கருமையன்று, சிறியதாக இருந்தமையே. தவறு, நிறை என்ற இரண்டாம் சான்றில் இருந்தது. நுண்ணிய அசைவுகளிலிருந்து பெற்ற அந்த எண், அதன்மேல் ஏற்றிய சுமையைத் தாங்கும் வலிமையுடையதாக இல்லை.

வானியலார் தம் கணிப்புத் தவறியதை மறைக்கவில்லை. படம் வந்த அன்றே உலகறியக் கூறினர். அவ்வாறு கூற அவர்களுக்கு எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் கொண்ட முடிவு எந்த எண்ணிலிருந்து எவ்வாறு பிறந்தது என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே எது தவறியது என்பதும் உடனே விளங்கியது.

நான் எழுதிய ஒரு சொல்

இனி என் வெட்கத்தின் கதையைக் கூறுகிறேன். ஆசிரியர் பயிற்சியை முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணி ஏற்றேன். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். கேட்ட கேள்விக்கு விடை வராது, தாமதமாக வரும். பல நாள் மேசைமேல் தலை சாய்த்துவிடுவான். புள்ளிகள் குறைவு. நான் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை என்பதே அன்று என் எண்ணம். முந்தைய ஆண்டில் அவனுக்குக் கற்பித்த ஆசிரியரையும் கேட்டேன். "பையன் மந்தம்" என்றார். சான்று இரண்டாயிற்று. ஆண்டிறுதித் தேர்ச்சி அறிக்கையில், ஆசிரியர் கருத்து என்னும் இடத்தில், 'மந்தமானவன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அவன் நாள்தோறும் விடியுமுன் எழுந்து, தாயுடன் பால்மரக் காட்டுக்குச் சென்று மங்குத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான் என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்த ஆசிரியரும் அவனுடைய புள்ளிகளைப் பார்த்துத்தான் அச்சொல்லைச் சொன்னார் என்பதையும் அறிந்தேன். இரண்டு சான்று என நான் நம்பியது, ஒரே சான்றின் இரண்டு படிகள்! அறிந்த காலத்தில் அவன் பள்ளியைவிட்டுப் போய்விட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராகப் பணியாற்றும் பள்ளிக்கு ஒருவர் தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்தார். பெயரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் தலையைத் தடவியவாறு அவர் சொன்னார்:

"பிள்ளை கொஞ்சம் மந்தம்ங்க ஐயா. என்னை மாதிரிதான். நீங்கதான் பார்த்துக்கணும்."

என் சொல் முப்பதாண்டுகளாக அவருள்ளே இருந்து, இன்னும் எழுத்தறியாத ஒரு குழந்தையின் தலைமேல் இறங்கியதைக் கண்டேன். அது யார் எழுதிய சொல் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "அப்படிச் சொல்லாதீர்கள், அன்று நான் தவறாக எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "பரவாயில்லைங்க ஐயா" என்று கூறி மகளை வகுப்புக்கு அழைத்துச் சென்றார்.

கோள் கேளாது; குழந்தை கேட்கும்

கெர்பெரோஸைக் கரி என்றபோது கெர்பெரோஸுக்கு ஒன்றும் நேரவில்லை. நாம் கருமை என்றாலும் வெண்மை என்றாலும் அது தன் பாதையில் சுழன்றது. மனிதரை அளப்பதில் நிலைமை வேறு. நாம் கூறும் அளவு, அளக்கப்படுபவரின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. துணைக்கோளுக்கும் குழந்தைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறந்து உவமையை நீட்டுவது பிழையாகும்.

ஆயினும் ஒரு துணைக்கோள் இவ்விடத்திலும் நமக்குப் பாடம் சொல்கிறது. 1671 ஆம் ஆண்டில் ஜியோவான்னி காசினி, சனியின் துணைக்கோளாகிய இயபெட்டஸைக் கண்டுபிடித்தார். அது சனிக்கு மேற்கே நிற்கும்போது தெரிந்தது. கிழக்கே செல்லும்போது காணாமற்போயிற்று. இல்லாதொழிந்தது என்று அவர் முடிவு கட்டவில்லை. அதன் ஒரு பாதி வெளிச்சமானது, மறுபாதி இருண்டது என்று கருதினார். மேம்பட்ட தொலைநோக்கியைக்கொண்டு 1705 ஆம் ஆண்டில் கிழக்குப் புறத்திலும் அதனைக் கண்டார். ஏறத்தாழ ஆறு மடங்கு மங்கலாக! முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்து ஒரு பொருளின் மறுபக்கத்தைக் கண்ட பொறுமை அது.

அந்தப் பாதி ஏன் இருண்டது? இயபெட்டஸுக்கு அப்பால் சுழலும் ஃபீபி என்ற கருந்துணைக்கோளிலிருந்து எழும் தூசு, சனியைச் சுற்றி மாபெரும் வளையமாகப் பரந்திருப்பதை 2009 ஆம் ஆண்டில் ஸ்பிட்சர் தொலைநோக்கி காட்டியது. அத்தகைய தூசு இயபெட்டஸின் முன்முகத்தில் படிந்தது. படிந்தது சிறிதளவே. ஆனால் கறைபட்ட இடம் ஞாயிற்றின் ஒளியைச் சற்று மிகுதியாக உட்கொண்டது, சூடேறியது, அங்கிருந்த வெண்பனி ஆவியாகி, குளிர்ந்த வெளிச்சப் பாதியில் சென்று படிந்தது. இருண்டது மேலும் இருண்டது; வெளுத்தது மேலும் வெளுத்தது. இதுவே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கமாகும்.

தொடக்கத்தில் விழுந்தது புறத்தேயிருந்து வந்த சிறு தூசு. அதன்பின் இருள் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. மந்தம் என்று ஒருமுறை எழுதினால் போதும். அம்மாணவனிடம் கேள்வி கேட்பது குறைகிறது. அவன் கையுயர்த்துவது குறைகிறது. அவன் வாயிலிருந்த சொற்கள் முன்வரிசைக்குப் பெயர்ந்துவிடுகின்றன. ஆண்டிறுதியில் நாம் எழுதியது மெய்யாகிவிட்டதைக் கண்டு நம் கணிப்பை நாமே மெச்சிக்கொள்கிறோம்!

அளக்காமல் இருக்க இயலுமா?

அப்படியாயின் எவரையும் அளக்கவே கூடாதா என்று கேட்கலாம். அஃது இயலாது. ஆசிரியன் மதிப்பிடாமல் கற்பிக்க முடியாது. எது தெரியவில்லை என்பதை அறியாமல் எதைச் சொல்லிக் கொடுப்பது? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆனால் தேர்வை நீக்கியதால் அளக்கும் மனம் நீங்கிவிடவில்லை. வானியலாரும் அளவு தெரியாது என்று கைகட்டி நிற்பதில்லை. எதிரொளிர்திறன் அறியப்படாத பொருளுக்கு ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு விட்டத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே எழுதுகிறார்கள். 'எதிரொளிர்திறன் இவ்வளவாயின் விட்டம் இவ்வளவு' என்பதே அவர்கள் வாக்கியம். அந்த 'ஆயின்' என்ற சொல்லில்தான் அறம் இருக்கிறது. என் அறிக்கையில் அச்சொல் இல்லை.

அன்றுமுதல் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். தேர்ச்சி அறிக்கையில் குழந்தையின் இயல்பைப் பெயரிடும் எச்சொல்லையும் எழுதுவதில்லை. கண்டதை மட்டும், கண்ட காலத்துடன் எழுதுகிறோம். 'மார்ச் மாதத்தில் பின்னக் கணக்கில் இடர்ப்பட்டாள்' என்று எழுதலாம். 'கணக்கு வராதவள்' என்று எழுதலாகாது. பிற ஆசிரியரின் கருத்தைச் சான்றாகக் கொள்ளுமுன், அது எதிலிருந்து பிறந்தது எனக் கேட்டறிகிறோம். ஒளி மங்கிய குழந்தையிடம் வெப்பம் எங்கே வெளிப்படுகிறது, திடலிலா, தோட்டத்திலா, தம்பி தங்கையைப் பேணுவதிலா என்று தேடுகிறோம். எல்லாக் குழந்தையும் உள்ளே பேருருவம் கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. கெர்பெரோஸ் உண்மையிலேயே சிறியதுதான். ஆனால் சிறியதாக இருத்தல் குற்றமன்று. சிறியதைக் கரியென்று எழுதியதே பிழை.

இவ்வழக்கம் எழுத்து வேலையைக் கூட்டுகிறது என்று ஆசிரியர் சிலர் குறைப்படுவதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஒரு சொல்லில் முடிவதற்கு மூன்று வரி எழுத வேண்டியிருக்கிறது. ஆயின் அந்த ஒரு சொல் முப்பதாண்டு கடந்து யார் தலையில் இறங்கும் என்பதை நாம் அறியோம்.

அந்தச் சிறுமி இப்போது எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் பயில்கிறாள். விடை கூறத் தாமதிக்கிறாள். காத்திருந்தால் கூறுகிறாள்.